வீட்டில் கட்டும் எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டுக்கு பேட்டரி: செல் தேர்விலிருந்து கடைசி வயர் வரை

எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டில் பிரேக் என்று தனியாக ஒரு பாகம் கிடையாது. ரிமோட்டைப் பின்னால் இழுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. சக்கரத்தின் வேகம் கரண்டாகி பேட்டரிக்குள் திரும்பிப் போகிறது. போர்டு நிற்பது அப்படித்தான். அந்த நேரத்தில் ஒரு வயர் விட்டுப்போயிருந்தாலோ, செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்திருந்தாலோ, செல்கள் முழுதாக நிரம்பியிருந்தாலோ அந்தக் கரண்டுக்குப் போக இடமில்லை. அப்போது பிரேக்கும் இல்லை.

பேட்டரி என்றாலே எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது தேவையான கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. ஓடும்போது எந்தக் காரணத்துக்காகவும் பேட்டரி, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரை விட்டுப் பிரியக்கூடாது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு முடிவும் அதை வைத்தே எடுத்தது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். அதிகம் வளையாத மேப்பிள் பலகை, 190 கேவி மோட்டார் இரண்டு (கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கான சுற்று எண்ணிக்கை), 90 மி.மீ. சக்கரம், வெஸ்க் வகை கன்ட்ரோலர் இரண்டு, அடியில் ஒரு பெட்டி. மல்டிமீட்டரை நம்பிக்கையோடு பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். இதுவரை சால்டரிங் இரும்பையே தொடாதவர் என்றால் முதல் பேட்டரியை நல்ல இடத்தில் கட்டி வாங்குங்கள். லித்தியம் பேக் பழகிப் பார்ப்பதற்கான பொருள் இல்லை. 36 வோல்ட் உங்களுக்கு பெரிய ஷாக் அடிக்காது. ஆனால் அதே பேக்கின் இரு முனைகளும் ஒரு ஸ்பேனரில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பே உருகும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

தார் ரோட்டில், கெட்டியான யூரித்தேன் சக்கரத்தில், சராசரி எடையுள்ள ஒருவர் ஓட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு 9 முதல் 12 வாட் ஹவர் செலவாகும். காற்றடித்த டயர் போட்டால் 15, 20 என்று ஏறும். நம் இலக்கு 25 கி.மீ. கிலோமீட்டருக்கு 12 என்று வைத்தால் 300 வாட் ஹவர் வேண்டும். பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக்கூடாது, வயதாக ஆகக் கொள்ளளவும் குறையும். அதனால் 400க்கு மேல் இருக்கட்டும்.

வோல்டேஜ் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு லித்தியம் அயான் செல் சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. பத்து செல்லைச் சீரிஸில், அதாவது தொடரிணைப்பில் போட்டால் 36 வோல்ட், முழு சார்ஜில் 42. இதைத்தான் 10எஸ் என்கிறார்கள். 190 கேவி மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 190 சுற்று சுற்றும். 36 வோல்ட்டில் 6,840 சுற்று. மோட்டாரில் 15 பல், சக்கரத்தில் 36 பல் என்றால் சக்கரம் 2,850 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 28 செ.மீ. என்பதால் மணிக்கு 48 கி.மீ. வருகிறது. ஆள் ஏறிய பிறகு நிஜத்தில் 40ஐ ஒட்டி நிற்கும். ஒரு பலகை மேல் நின்றுகொண்டு போக இதுவே அதிகம்.

12எஸ் என்றால் அதே கணக்கு 58க்குப் போகும். மலைப்பாங்கான ஊருக்கு 12எஸ் நல்லதுதான். அதே வாட்டுக்குக் குறைந்த கரண்ட் போதும், வயர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கேவி குறைந்த மோட்டாரோடு சேர்த்துத்தான் அதை எடுக்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட வெஸ்க் கன்ட்ரோலரின் வழிவந்தவற்றில் பலவும் 60 வோல்ட் வரைதான் தாங்கும். 12எஸ் முழு சார்ஜில் 50.4 வோல்ட். பிரேக் பிடிக்கும்போது வோல்டேஜ் துள்ளும் என்பதால் அந்த இடைவெளி தேவை. 13எஸ் போட்டு விளிம்பில் நிற்காதீர்கள்.

சமதள நகரத்துக்கு நான் 10எஸ்தான் சொல்வேன். இன்னொரு வசதியும் இருக்கிறது: 36 வோல்ட் எலக்ட்ரிக் சைக்கிளுக்கும் இதே 42 வோல்ட் சார்ஜர்தான், அதனால் சார்ஜரும் பிஎம்எஸ்ஸும் எளிதில் கிடைக்கும்.

எந்தச் செல்?

18650 என்றால் 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். 21700 என்றால் 21 மி.மீ., 70 மி.மீ. அளவைவிட முக்கியம் அது எவ்வளவு கரண்ட் தரும், எவ்வளவு வாங்கும் என்பது. சாம்சங் 50ஈ என்ற 21700 செல்லின் கொள்ளளவு 5,000 எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர் ஹவர். எண்ணைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் தொடர்ந்து 10 ஆம்பியர்கூடத் தராது. சாம்சங் 30கியூ 18650 வகை, 3,000 எம்ஏஎச், 15 ஆம்பியர். பல வருடங்களாக ஸ்கேட்போர்டுகளில் ஓடித் தேறிய செல். சாம்சங் 40டி 4,000 எம்ஏஎச், 35 ஆம்பியர். தைவான் நிறுவனமான மோலிசெல்லின் பி42ஏ 4,200 எம்ஏஎச், 45 ஆம்பியர்.

அந்த 45ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. தொடர்ந்து 45 ஆம்பியர் இழுத்தால் ஆறு நிமிடத்துக்குள் செல் காலி, அதற்குள் கடுமையாகச் சூடாகியிருக்கும். 20 ஆம்பியருக்குள் வைத்துக்கொண்டால் அதே செல் அலுங்காமல் வேலை செய்யும். நம் போர்டுக்கு பி42ஏ எடுப்போம். மூன்று செல்லைப் பேரலலாக, அதாவது பக்க இணைப்பில் சேர்த்து ஒரு குழு, அப்படிப் பத்துக் குழு. மொத்தம் 30 செல், சுமார் 2.1 கிலோ. மூன்று செல்லுக்கு 12.6 ஆம்பியர் ஹவர், அதை 36ஆல் பெருக்கினால் 453 வாட் ஹவர். உச்சத்தில் 60 ஆம்பியர் இழுக்கலாம், அது 2,160 வாட். சாதாரணமாக மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும்போது 8, 9 ஆம்பியர்தான் ஓடும்.

ரிமோட் காருக்கு வரும் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேக்குகளை வைத்தும் கட்டலாம், விலை குறைவு, கரண்ட் தாராளம். ஆனால் மெல்லிய பை போன்ற உறை, கல் தெறிக்கும் இடத்தில் பலகைக்கு அடியில் அதை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் தீ விஷயத்தில் சாதுவானது, ஆனால் அதே தூரத்துக்கு எடையும் இடமும் கூடும்.

மூன்று பேரலல் ஏன்? பிரேக்குக்காக

இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. செல்லின் டேட்டாஷீட்டில் அதிகபட்ச சார்ஜ் கரண்ட் என்று ஒரு வரி இருக்கும். பிரேக் பிடிப்பதும் சார்ஜ் செய்வதுதான், அதே வரம்புதான். பி42ஏ 8.4 ஆம்பியர் வாங்கும், மூன்றுக்கு 25. கொஞ்சம் குறைத்து 20 என்று வைப்போம். 20 ஆம்பியர், 36 வோல்ட், ஆக 720 வாட் பேட்டரிக்குள் போகலாம்.

ஆளும் போர்டும் சேர்த்து 85 கிலோ, வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2,950 ஜூல். 720 வாட்டில் அதை வெளியேற்ற நான்கு நொடி, 23 மீட்டர் தூரம். இப்போது விலை குறைந்த 10எஸ்2பி, அதாவது பத்து சீரிஸ், இரண்டு பேரலல் உள்ள 30கியூ செல் பேக்கை எடுங்கள். ஒரு செல் 4 ஆம்பியர்தான் வாங்கும், இரண்டுக்கு 8, ஆக 288 வாட். நிற்க பத்து நொடிக்கு மேல், தூரம் 57 மீட்டர். காற்றும் உராய்வும் மோட்டாரில் வீணாகும் சூடும் நிஜத்தில் இதைக் கொஞ்சம் குறைக்கும். சில நொடிகள்தானே என்று வரம்பைத் தாண்டி வைப்பவர்களும் உண்டு, செல்லின் ஆயுள்தான் அதற்கு விலை. எப்படிப் பார்த்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். ஆட்டோ ஒன்று குறுக்கே திரும்பும்போது அந்த 34 மீட்டர்தான் எல்லாமே. காசு மிச்சம் பிடிக்க ஒரு பேரலலைக் குறைக்காதீர்கள்.

வாங்கும்போது

9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 எல்லாமே பொய், விலை எவ்வளவு சொன்னாலும். பழைய லேப்டாப் செல்களும் வேண்டாம், அவை இந்தக் கரண்டுக்குச் செய்தவை இல்லை. பில் தரும் விற்பனையாளரிடம் ஒரே லாட் செல்லாக வாங்குங்கள், இரண்டு மூன்று கூடுதலாகவே வாங்குங்கள். வந்ததும் ஒவ்வொன்றின் எடையைப் பாருங்கள். நல்ல பி42ஏ 70 கிராமுக்கு அருகில் இருக்கும். பிறகு ஒவ்வொன்றின் வோல்டேஜையும் குறித்து வையுங்கள். புதுச் செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 0.05 வோல்ட் விலகி நின்றால் அதைத் தள்ளி வையுங்கள். வேறு வேறு வோல்டேஜ் உள்ள செல்களைப் பேரலலில் சேர்த்தால் சேர்த்த நொடியிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் பாயும்.

நிக்கல் பட்டையிலும் ஏமாற்று நிறைய. நிக்கல் முலாம் பூசிய இரும்பை நிக்கல் என்று விற்பார்கள். அதன் மின்தடை அதிகம், துருவும் பிடிக்கும். ஒரு துண்டைக் கத்தியால் நன்றாகக் கீறி உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டு வையுங்கள். கீறலில் செம்மண் நிறம் வந்தால் இரும்பு.

சிலிக்கான் வயர், கனெக்டர், பார்லி பேப்பர் (கரண்ட் கடத்தாத தடித்த காகிதம்), கேப்டான் டேப் (சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்), பெரிய ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கும் உறை) இவையெல்லாம் சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்றில் முடித்துவிடலாம்.

அடுக்குவது

ஒரு செல்லின் மேல் பொத்தான் மட்டும்தான் பாசிட்டிவ். மீதி உலோக உடம்பு முழுக்க, மேல் விளிம்பு உட்பட, நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவில் ஒரு மி.மீ. சொச்சம் இடைவெளியும் காகிதம் போன்ற ஒரு பிளாஸ்டிக் உறையும்தான் இருக்கின்றன. சாலையின் அதிர்வில் நிக்கல் பட்டை அந்த விளிம்பை நாள் முழுக்கத் தேய்த்தால் உறை கிழிந்து ஷார்ட் ஆகும். அதனால் முதல் வேலை, முப்பது செல்லின் பாசிட்டிவ் முனையிலும் பார்லி பேப்பர் வளையம் ஒட்டுவது. சலிப்பான வேலைதான். ஒன்றைக்கூட விடாதீர்கள்.

மூன்று செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, எல்லாப் பாசிட்டிவும் ஒரே பக்கம் பார்க்க, ஒரு குழுவாக ஒட்டுங்கள். நியூட்ரல் வகை சிலிகான் பசை நல்லது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் உலோகத்தை அரிக்கும். ஹாட் க்ளூ நம் வெயிலில் இளகிவிடும்.

குழுக்களை ஐந்தைந்தாக இரண்டு வரிசை வையுங்கள். இன்சுலேஷனோடு சேர்த்து சுமார் 35 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், ஒரு செல் உயரம். ஒரு குழுவுக்குள் செல்கள் உரசினால் பாதகமில்லை, அவற்றின் உடம்பு எல்லாம் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன. பக்கத்துக் குழு அப்படியில்லை. அதிலும் வரிசையின் தொடக்கத்தில் முதல் குழுவும் பத்தாவது குழுவும் அருகருகே வந்து நிற்கும், அங்கே வித்தியாசம் ஏறக்குறைய முழு பேக் அளவு. குழுக்களுக்கு நடுவே பார்லி பேப்பரும், இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு மி.மீ. எபாக்சி ஷீட்டும் கட்டாயம்.

வெல்டிங்கும் குழு இணைப்பும்

செல் மேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள், உள்ளே சூடு இறங்கி செல் கெடும். ஸ்பாட் வெல்டிங் மட்டுமே. மெஷின் இல்லையென்றால் எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி கட்டும் கடையில் உங்கள் பட்டையைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, வெல்ட் போட்டு வாங்கலாம். 0.2 மி.மீ. தடிமனில் அகலமான பட்டை எடுங்கள், 8 மி.மீ. பட்டை மட்டும்தான் கிடைத்தது என்றால் இரண்டு மூன்று பட்டை போட வேண்டும். ஒரு முனைக்குக் குறைந்தது நான்கு புள்ளி. தொடங்கும் முன் ஒரு பழைய செல்லில் போட்டு இடுக்கியால் பிடுங்கிப் பாருங்கள். பட்டை கிழிந்து, வெல்ட் புள்ளி செல்லிலேயே ஒட்டியிருந்தால் சரி. முழுசாகக் கழன்று வந்தால் சக்தியைக் கூட்டுங்கள்.

இப்போது முக்கியமான இடம். எலக்ட்ரிக் சைக்கிள் பேக்கில் குழுக்களையும் நிக்கல் பட்டையாலேயே இணைப்பார்கள். பலகை அப்படியில்லை, ஒவ்வொரு குழியிலும் நீளவாக்கில் வளையும். குழுக்களுக்கு இடையே நேராகப் போகும் நிக்கல், திரும்பத் திரும்ப மடித்த கம்பி போல ஒரு நாள் முறியும். முறிவது பெரும்பாலும் குழியில் இறங்கும் நேரம், அதாவது நீங்கள் பிரேக்கில் கை வைத்திருக்கும் நேரம்.

அதனால் குழுவுக்குள் நிக்கல், குழுக்களுக்கு இடையே சிலிக்கான் வயர். ஒவ்வொரு இணைப்புக்கும் 14 கேஜ் வயர் இரண்டு, நடுவில் சின்ன வளைவு விட்டு. ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும். வயரை முதலில் பட்டையில் சால்டர் செய்துவிட்டு, ஆறிய பிறகு பட்டையைச் செல்லில் வெல்ட் செய்யுங்கள், அப்போது சூடு செல்லுக்குப் போகாது. முதல் குழுவின் பாசிட்டிவ் இரண்டாவதன் நெகட்டிவுக்கு, இரண்டாவதன் பாசிட்டிவ் மூன்றாவதன் நெகட்டிவுக்கு என்று போகும். ஒரு இணைப்பு முடிந்ததும் கேப்டான் டேப் ஒட்டி மூடிவிட்டு, மொத்த வோல்டேஜை அளந்த பிறகே அடுத்தது. ஒவ்வொரு முறையும் 3.6 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். கையில் மோதிரம், வாட்ச் வேண்டாம். கருவிகளின் கைப்பிடிக்கு மேலும் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

பிஎம்எஸ் சார்ஜுக்கு மட்டும்

10எஸ் பிஎம்எஸ்ஸுக்கு 11 மெல்லிய வயர் வரும். முதலாவது பேக்கின் நெகட்டிவில், அடுத்த பத்தும் ஒவ்வொரு குழுவின் பாசிட்டிவிலும். எல்லாவற்றையும் பேக்கில் சால்டர் செய்து முடித்து, கனெக்டரை பிஎம்எஸ்ஸில் சொருகும் முன், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை முதல் பின்னில் வைத்து சிவப்பை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். 3.6, 7.2, 10.8 என்று வரிசையாக ஏறினால் சரி. வரிசை மாறினால் சொருகிய நொடியில் பிஎம்எஸ் எரியும்.

சைக்கிளில் போவதும் வருவதும் எல்லாக் கரண்டும் பிஎம்எஸ் வழியாகத்தான். ஸ்கேட்போர்டில் அப்படி வைக்க மாட்டேன். ஒரு குழு கொஞ்சம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பிஎம்எஸ் சட்டென்று வெட்டிவிடும். பிரேக்கின் நடுவில் வெட்டினால் பிரேக் போகும், போக்கிடம் இல்லாத கரண்ட் வோல்டேஜைத் தூக்கிக் கன்ட்ரோலரையும் எரிக்கலாம். எனவே பேக்கின் நெகட்டிவ் நேராகக் கன்ட்ரோலருக்கு. பிஎம்எஸ்ஸின் சார்ஜ் நெகட்டிவ் மட்டும் சார்ஜ் போர்ட்டுக்கு. அடிமட்ட வோல்டேஜைக் கன்ட்ரோலர் கவனிக்கும். ஆனால் கன்ட்ரோலர் பார்ப்பது மொத்த வோல்டேஜை மட்டும்தான், தனியாக ஒரு குழு இறங்கினால் அதற்குத் தெரியாது. அதனால் போனில் குழு வோல்டேஜ் காட்டும் ப்ளூடூத் பிஎம்எஸ்ஸாக எடுங்கள், அந்தக் கூடுதல் காசு வீண் போகாது.

சார்ஜ் போர்ட்டின் பாசிட்டிவில் ஒரு ஃபியூஸ் வையுங்கள். 4 ஆம்பியர் சார்ஜருக்கு 7.5 போதும். காருக்கு வரும் சாதாரண பிளேட் ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குத்தான் செய்தது. 58 வோல்ட் டிசி அல்லது அதற்கு மேல் எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். மெயின் லைனிலும் ஃபியூஸ் வைப்பதென்றால் 100 ஆம்பியருக்குக் குறையாமல், ஷார்ட் ஆனால் மட்டும் போகிற மாதிரி இருக்கட்டும். சின்ன ஃபியூஸ் மேட்டில் ஏறும்போது போய்விட்டால், இறக்கத்தில் பிரேக் இருக்காது.

மெயின் வயர் 10 கேஜ், அங்கிருந்து இரண்டு கன்ட்ரோலருக்கும் 12 கேஜ். ஆன் ஆஃப் செய்ய எக்ஸ்டி90 ஆன்டி ஸ்பார்க் கனெக்டரை லூப் கீயாக, அதாவது சொருகினால் ஆன், கழற்றினால் ஆஃப் ஆகும் சாவியாக வையுங்கள். அதற்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது, கன்ட்ரோலரின் கபாசிட்டர்கள் நிரம்பும்போது தீப்பொறி வராது. பெட்டியின் பக்கவாட்டில், கால் இடிக்காத இடத்தில் வையுங்கள், ஓடும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

கன்ட்ரோலரில் வைக்க வேண்டிய எண்கள்

இரண்டு கன்ட்ரோலர் என்பதால் எல்லாவற்றையும் பாதியாக்க வேண்டும். பேட்டரி கரண்ட் ஒவ்வொன்றிலும் 30. பேட்டரிக்குத் திரும்பும் கரண்ட் ஒவ்வொன்றிலும் மைனஸ் 10. இரண்டிலும் 20 என்று வைத்தால் பேட்டரிக்கு 40 போகும், கவனம். வோல்டேஜ் குறையும்போது 34இல் சக்தியைக் குறைக்கத் தொடங்கி 31இல் முழுதாக நிறுத்தட்டும். அதாவது ஒரு செல்லுக்கு 3.4, 3.1. நடுவில் இடைவெளி இருப்பதால் போர்டு மெல்ல மெல்லச் சோர்ந்து நிற்கும், திடீரென்று ஆளைத் தள்ளாது.

ஊட்டி, குன்னூர் மாதிரி மலை ஊரில் வீடு மேட்டில் இருந்தால் இன்னொன்று. முழு சார்ஜோடு கிளம்பி நேராக இறக்கத்தில் இறங்கினால் பிரேக் கரண்டுக்கு இடமே இல்லை. வோல்டேஜ் வரம்பைத் தாண்டியதும் கன்ட்ரோலர் மோட்டாரை விட்டுவிடும். 85 கிலோ எடை 100 மீட்டர் உயரம் இறங்கினால் 23 வாட் ஹவர் வெளிவரும், நம் பேக்கில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே அங்கே 41 வோல்ட்டோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டி

பேக் முழுவதையும் பார்லி பேப்பரால் சுற்றி, ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பெட்டியின் எல்லாப் பக்கமும் ஃபோம் வைத்து, குலுக்கினால் அசையாமல் உட்கார வைக்க வேண்டும். மெல்லிய பிஎம்எஸ் வயர்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக டேப் போட்டுப் படுக்கட்டும். பெட்டியையும், சக்கரங்களின் அச்சைத் தாங்கும் டிரக்கையும் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் நீளத்தை அளந்து பாருங்கள். பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்க்ரூ முனை போதும், செல்லைத் துளைக்க. விளிம்பில் ரப்பர் கேஸ்கெட் வைத்தாலும் மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டாதீர்கள்.

முதல் சார்ஜும் அதன் பிறகும்

பேக்கை மூடுவதற்கு முன் ஒரு வாரம் சும்மா வைத்து, பத்துக் குழுவையும் மறுபடி அளங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு செல் தானாகவே சார்ஜை இழக்கிறது, இப்போதே மாற்றுவது சுலபம். முதல் சார்ஜ் வெட்டவெளியில், தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது நடக்கட்டும். 4 ஆம்பியர் சார்ஜரில் காலி பேக் நிரம்ப மூன்றரை மணி நேரம் ஆகும். முதல் ஓட்டத்துக்குக் கரண்டைப் பாதியாக வைத்து, ஹெல்மெட், முழங்கால் கவசத்தோடு காலியான இடத்தில் பிரேக்கை மட்டும் பத்து இருபது முறை சோதியுங்கள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்து சால்டர் இணைப்புகளையும் வயர் உரசும் இடங்களையும் பாருங்கள்.

ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.7 வோல்ட் அளவில், லூப் கீயைக் கழற்றி வையுங்கள். விமானத்தில் எடுத்துப்போக முடியாது, 160 வாட் ஹவருக்கு மேல் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

மாதம் ஒருமுறை முழு சார்ஜுக்குப் பிறகு குழு வோல்டேஜைப் பாருங்கள். ஒரு குழு மட்டும் மற்றவற்றைவிட 0.05 வோல்ட் விலகி, அடுத்த சார்ஜிலும் அப்படியே நின்றால் ஓட்டத்தை நிறுத்திப் பேக்கைத் திறக்க வேண்டிய நேரம். கீழே விழுந்து பெட்டி நசுங்கினாலோ, இனிப்பான கரைப்பான் வாடை வந்தாலோ, ஓட்டாமலே சூடாக இருந்தாலோ உடனே வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். புகை வந்தால் தள்ளி நின்று, அருகே போகாமல் முடிந்த அளவு நிறையத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். பக்கத்துச் செல்லுக்குச் சூடு பரவாமல் தடுப்பது அதுதான். வீட்டுக்குள்ளேயே புகை வந்துவிட்டால் எல்லோரும் வெளியேறி 101க்கு அழையுங்கள்.